நாலாம் நம்பர் ஜன்னல்

சாளை மீனின் செதில் நகக்கண்ணில் ஏறிவிட்டால் சோப்புப் போட்டாலும் லேசில் போகாது. போகாவிட்டால் போகட்டும், மீன் கிடைத்ததே பெரிது, காற்று சரியில்லையென்று படகுகள் கரையிலேயே கிடந்து இன்றைக்குத்தான் தெருவில் மீன்காரியின் குரல் கேட்டது, கேட்டதும் மாதாவே நன்றி என்று வாய் தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது என்று நினைத்தபடி எமரென்சியா வீட்டுக்குப் பின்னால் குழாயடியில் அரிவாள்மனையை மிதித்து உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச காலமாகவே அவளுக்கு இந்தப் பழக்கம். குழாயில் தண்ணீர் வந்தால் நன்றி, மத்தியானம் கரண்டு போகாமல் இருந்தால் நன்றி, பால் திரியாமல் பொங்கினால் நன்றி. பெரிதாக எதற்கும் நன்றி சொல்ல வழியில்லாமல் போனபிறகு இப்படிச் சின்னச் சின்னதாகப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள், இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு போகிற மாதிரி. புருஷன் பெர்க்மான்ஸுக்கு வாதம் வந்த அன்றைக்குக்கூட ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, உயிர் இருக்கிறது, நன்றி என்றுதான் முதலில் சொன்னாள். பேச்சுப் போனதும் வலது கை விழுந்துபோனதும் பிறகுதான் தெரிந்தது. தெரிந்தபின் சொன்ன நன்றியைத் திருப்பி வாங்கவா முடியும்? சாளையில் முள் அதிகம். ஒவ்வொன்றாக எடுத்து, சோற்றோடு பிசைந்து, விரலால் மறுபடி ஒரு தடவை துழாவிப் பார்த்துத்தான் அவர் வாயில் வைக்க வேண்டும், தொண்டையில் சிக்கினால் சொல்லத் தெரியாது. சொல்லத் தெரியாது என்றால் அப்படியே ஊமை என்று இல்லை. ஒரு சொல் மிச்சம் இருக்கிறது. ஆமா. தண்ணி வேணுமா, ஆமா. வேண்டாமா, ஆமா. தலை வலிக்குதா, ஆமா. வலிக்கலையே, ஆமா. மற்ற எல்லாச் சொல்லையும் வாரிக்கொண்டு போன தெய்வம், 'இல்லை' என்ற சொல்லை விட்டுவைக்காமல் ஆமா என்பதை விட்டுவைத்ததே, அதற்கும் ஒரு நன்றி. நாளெல்லாம் இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கும் மனுசனோடு எப்படி வாழ்வது? இப்போது முன்னறையில் ஜன்னலோரம் நாற்காலியில் இருக்கிறார். வலது கையை ஜன்னல் திட்டில் தலையணை வைத்து அதன்மேல் தூக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறாள், கை தொங்கிக்கொண்டே இருந்தால் வீங்கிவிடும் என்று பயிற்சி கொடுக்க வருகிறவர் சொல்லியிருக்கிறார். தெருவைப் பார்த்துக்கொண்டு இருப்பார், பாவம். குழம்புக்குப் புளி கரைக்க வேண்டும், மாங்காய் கிடக்கிறதா பார்க்க வேண்டும், காலையில் அந்த அலாரப் பெட்டி வேறு மஞ்சள் விளக்கைப் போட்டுக்கொண்டு கீக் கீக் என்று கத்தியது, நம்பரை அமுக்கியதும் அடங்கிவிட்டது, அதற்கும்கூட நன்றி சொன்னாளா இல்லையா, ஞாபகமில்லை, சொல்லியிருப்பாள்.

அப்போதுதான் வீடு அலறியது. காலையில் கேட்ட கீக் கீக் இல்லை இது, வெளிச்சுவரில் மாடிக்குக் கீழே மாட்டியிருந்த சைரன், ஒரு தடவை ஆள்கள் வந்து பொருத்திய அன்று சோதித்துப் பார்த்ததோடு சரி, அன்றைக்கே தெருவில் எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். சத்தம் காதில் விழவில்லை, நெஞ்சுக்குள் நேரே விழுந்தது. கையில் இருந்த மீன் எங்கே போனது என்று தெரியவில்லை. ஆள். வீட்டுக்குள் ஆள் வந்துவிட்டான். அந்த நினைப்பு முடிவதற்குள் அதைவிடப் பெரிய நினைப்பு ஒன்று வந்து அதைத் தள்ளியது, திடுக்கிடக் கூடாதும்மா, பிரஷர் ஏறக் கூடாது, இன்னொரு தடவை வந்தா தாங்காது என்று டாக்டர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னது. திருடன் என்ன எடுப்பான், பீரோவில் என்ன இருக்கிறது, எடுத்துக்கொண்டு போகட்டும், இந்தச் சத்தம் அவரை எடுத்துக்கொண்டு போய்விடுமே. ஓடினாள். அடுப்படியைத் தாண்டும்போது கால் வழுக்கியது, செருப்பில்லாத ஈரக்கால். கூடத்துக்கு வந்ததும் கால் நின்றுவிட்டது. இடது பக்கம் அவர் அறை. நேரே வாசல் கதவுக்குப் பக்கத்தில் சுவரில் அலாரப் பெட்டி. முதலில் எங்கே? அவரிடம் போனால் சத்தம் நிற்காது. சத்தத்தை நிறுத்தப் போனால் அந்த நேரத்தில் அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால். ஏங்க, ஏங்க என்று கூப்பிட்டாள், தன் குரல் தனக்கே கேட்கவில்லை. சத்தம்தான் கொல்லும், சத்தத்தைத்தான் முதலில் கொல்ல வேண்டும் என்று தோன்றி பெட்டியிடம் ஓடி, நம்பராக வைத்திருந்த மகள் பிறந்த வருஷத்தை அமுக்கினாள். மீன் கை. விரல் வழுக்கி வேறு எண்ணில் விழுந்தது. சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள், தலைப்பெல்லாம் செதில். மறுபடி அமுக்கினாள். நின்றது. நின்றபின் வந்த அமைதி எவ்வளவு பெரிதாக இருந்தது! தெருவில் ஒரு நாய் மட்டும் விடாமல் குரைத்தது. மாதாவே நன்றி. பெட்டியின் சின்னத் திரையில் நாலு என்று ஒரு எண்ணும் பக்கத்தில் ஏதோ இங்கிலீஷும் நின்று எரிந்தன. மஞ்சள் விளக்கு அணையவில்லை.

உடனே இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. "அம்மா, அலாரம் கண்ட்ரோல் ரூம்லருந்து ஃபர்ஹானா பேசுறேன். உங்க வீட்டுலருந்து டேம்பர் சிக்னல் வந்திருக்கு. நீங்க பத்திரமா இருக்கீங்களா?" சின்னப் பெண்ணின் குரல். நீங்க பத்திரமா இருக்கீங்களா. எமரென்சியாவுக்கு அந்த இடத்திலேயே அழுகை முட்டியது, பயத்தில் இல்லை. அவர் எப்படி இருக்கார், அவருக்கு இப்போ எப்படி, அவரை நல்லாப் பாத்துக்கோ என்றுதான் மஸ்கட்டில் இருக்கும் மகள் ரோஸ்லினிலிருந்து கோயில் வாசலில் பார்க்கிற ஆள்வரைக்கும் கேட்கிறார்கள், கேட்க வேண்டியதுதான், ஆனால் நீ எப்படி இருக்கிறாய் என்று ஒரு குரல் கேட்டு எத்தனை காலமாயிற்று. "இருக்கேன் பிள்ளே, நல்லா இருக்கேன், அவரு ரூம்புல இருக்காரு, இன்னும் போய்ப் பாக்கல" என்று போனைக் காதில் வைத்தபடியே அறைப் பக்கம் திரும்பினாள். திறந்திருந்த கதவு வழியாக அவர் பின்தலை தெரிந்தது. நேராக இருந்தது. சரியவில்லை. தோள் மூச்சுக்கு ஏறி இறங்கியது. "உயிரோட இருக்காரு" என்று போனில் சொன்னாள், அந்தப் பெண் என்ன நினைத்தாளோ. "சரிம்மா. பேசுறது நீங்கதானான்னு உறுதி செய்யணும், உங்க ரகசியச் சொல்லைச் சொல்லுங்க." ரகசியச் சொல். ரோஸ்லின்தான் வைத்தது. உனக்கு மறக்கவே மறக்காதும்மா என்று சிரித்துக்கொண்டே வைத்தது. தின்கிற பொருள். நம்ம ஊர்ப் பொருள். முந்திரிப்பருப்பும் முட்டை வெள்ளையும் சீனியும், கூம்பாக, வாயில் வைத்தால் பஞ்சாகக் கரைந்துவிடும், ரோஸ்லின் மஸ்கட்டுக்குத் திரும்பும்போதெல்லாம் டப்பா டப்பாவாகக் கட்டிக்கொண்டு போவாள், பேக்கரியில் கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கியிருக்கும். உருவம் தெரிகிறது, ருசி நாக்கில் நிற்கிறது, பேர் வரவில்லை. நாக்கின் நுனிக்கு வந்து வந்து உள்ளே ஓடுகிறது. "பதறாதீங்கம்மா, யோசிச்சுச் சொல்லுங்க. அது சொல்லலேன்னா நான் போலீஸுக்குத் தகவல் குடுக்கணும், அதான்." கேக் இல்லை, பிஸ்கட் இல்லை, அல்வா இல்லை. அட சேசுவே. அப்போது அவளுக்குத் திடீரென்று ஒன்று தோன்றியது. இவருக்கு நாளெல்லாம் இப்படித்தானா? காலையில் கண் விழித்ததிலிருந்து படுக்கிறவரைக்கும் ஒவ்வொரு சொல்லும் இப்படித்தான் நாக்கு நுனியில் வந்து நின்று உள்ளே ஓடுகிறதா? உள்ளே எல்லாம் அப்படியே இருந்து, ருசிகூட இருந்து, கதவு மட்டும் திறக்காமல்? அடப்பாவி மனுசா, இதையா நீ ஒரு சத்தமும் போடாமல் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய்? அவர் பின்தலையைப் பார்த்தபடி அப்படி நினைத்த நேரத்தில் சொல் தானாக வந்து விழுந்தது. "மக்ரூன்" என்றாள். "மக்ரூன், மக்ரூன்." "சரிம்மா, கரெக்ட்" என்றாள் ஃபர்ஹானா, அவளும் சிரித்த மாதிரி இருந்தது.

"காலையிலயே உங்க சிஸ்டத்துலருந்து ஃபால்ட் சிக்னல் வந்திருக்கே, மஞ்சள் லைட் எரிஞ்சதாம்மா?" என்று கேட்டாள். எரிஞ்சுது, கீக் கீக்குன்னு கத்திச்சு, நம்பரை அமுக்கி வாயை அடைச்சிட்டேன் என்றாள் எமரென்சியா. "அது சத்தத்தைத்தாம்மா நிறுத்தும். குறை அப்படியேதான் இருக்கும். ஃபால்ட்டுன்னா பயப்பட ஒண்ணும் இல்ல, சிஸ்டம் தனக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லுது, அவ்வளவுதான். பேட்டரி தீரப்போகுது, கரண்டு வரல, இந்த மாதிரி. டேம்பர் அப்படியில்லம்மா. டேம்பர்னா என்னை யாரோ தொட்டுட்டாங்கன்னு சொல்லுது. கவரைத் திறந்தாலோ சுவத்துலருந்து பேத்தெடுத்தாலோதான் வரும். அலாரத்தை நீங்க ஆஃப் பண்ணி வச்சிருந்தாலும் வரும். திரையில என்ன நம்பர் தெரியுது?" நாலு. "நாலுன்னா முன்னறை ஜன்னலும்மா. அங்க யாராவது இருக்காங்களா?" முன்னறை ஜன்னல். அவர் உட்கார்ந்திருக்கிற ஜன்னல். என்னை யாரோ தொட்டுட்டாங்க. கூடத்தின் நடுவில் எமரென்சியா அசையாமல் நின்றாள். அடுத்த தெருவில் எல்லோரும் மாதா கோயில் திருவிழாவுக்குப் போயிருந்த சமயத்தில் ஒரு வீட்டு ஜன்னல் கம்பியை அறுத்து உள்ளே புகுந்தார்கள், ஆள் இல்லாத வீடு என்று நினைத்துப் புகுந்தவர்கள் உள்ளே படுத்திருந்த கிழவரைக் கட்டிப்போட்டுவிட்டுப் போனார்கள், அதைக் கேட்டபிறகுதான் ரோஸ்லின் அங்கிருந்தே ஆளைப் பிடித்து இந்தப் பெட்டியையும் கதவுக்குக் கதவு ஜன்னலுக்கு ஜன்னல் ஒட்டியிருக்கும் வெள்ளை டப்பிகளையும் வைக்கச் சொன்னாள். எமரென்சியாவுக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்குள் இத்தனை கண் எதற்கு என்று சண்டை போட்டாள். உள்ளுக்குள் இருந்த கோபம் அதுவல்ல. அவர் குளியலறையில் விழுந்த அன்று ஒரு சத்தமும் வரவில்லை. வாளி உருண்ட சத்தம்கூட வரவில்லை. அவள் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். கதவுக்கும் ஜன்னலுக்கும் அலாரம் வைக்கிறீர்களே, மனுசன் விழுந்தால் கத்துகிற மாதிரி ஒன்றை எவனாவது செய்து வைத்திருக்கிறானா என்ற கோபம். இப்போது கத்தியிருக்கிறது. கத்தியது நல்லதா கெட்டதா? அறை வாசலுக்கு இன்னும் கொஞ்சம்தான். ஜன்னலுக்கு வெளியே ஒரு கை கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பது போல ஒரு நினைப்பு, அந்தக் கையில் ரோமம்கூடத் தெரிந்தது. "நான் லைன்லயேதான் இருக்கேன், மெதுவாப் போய்ப் பாருங்கம்மா" என்றாள் ஃபர்ஹானா. லைன்லயேதான் இருக்கேன். அந்தச் சொல்லைத் துணைக்கு வைத்துக்கொண்டு, போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு, எமரென்சியா உள்ளே போனாள்.

அவர் திரும்பிப் பார்த்தார். முகத்தில் பயம் இல்லை. வேர்வைகூட இல்லை. ஊர் கூடிவிடுகிற மாதிரி ஒரு சத்தம் இவர் காதோரத்தில் அலறி ஓய்ந்திருக்கிறது, இவரோ ஒரு வேலையை முடித்துவிட்டு டீக்குக் காத்திருக்கிறவர் மாதிரி உட்கார்ந்திருக்கிறார். மடியில் வெள்ளையாக என்னவோ கிடந்தது. அந்த டப்பியின் மூடி. ஜன்னல் சட்டத்தில் திட்டுக்குச் சற்று மேலே ஒட்டியிருந்த டப்பி மூடியில்லாமல் திறந்து, உள்ளே வட்டமாக ஒரு பேட்டரி பளபளத்துக்கொண்டிருந்தது. "யாரும் வந்தாங்களாங்க? ஜன்னல் வழியா யாரும் கையை விட்டாங்களா?" என்று குரலை அடக்கிக் கேட்டாள். "ஆமா" என்றார். அவள் கண் ஜன்னல் கம்பிக்கு ஓடியது. பிறகுதான் அது எந்த ஆமா என்று உறைத்தது. "யாரும் வரலையா?" "ஆமா." "தானா விழுந்துச்சா?" "ஆமா." எல்லாவற்றுக்கும் அதே நிதானத்தோடு, அதே கண்ணோடு ஆமா. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இந்த மனுசனைச் சாட்சிக்கூண்டில் ஏற்றினால் ஒரு வழக்கும் தீராது. ஜன்னலை உற்றுப் பார்த்தாள். கண்ணாடிக் கதவு சாத்தியிருந்தது. கொண்டி உள்பக்கம் போட்டபடியே இருந்தது, காலையில் காற்றில் அடித்துக்கொள்ளாமலிருக்க அவளே போட்ட கொண்டி. கம்பி எல்லாம் நேராக இருந்தது. வெளியே வெயிலில் எதிர்வீட்டு ஸ்கூட்டரும் ஒரு ஆடும். யாரும் கையை விட்டிருக்க முடியாது. நன்றி, நன்றி என்று மனசு சொல்ல ஆரம்பித்து, பாதியில் தடுக்கிக்கொண்டு நின்றது. அப்படியென்றால் மூடி எப்படி மடிக்கு வந்தது?

"பிள்ளே, ஜன்னல் பூட்டித்தான் இருக்கு. யாரும் வரல. மூடி மட்டும் கழண்டு இவரு மடியில கெடக்கு. ஒட்டினது லூசாயிட்டு போல, தானா விழுந்திருக்கும்" என்றாள். "இல்லம்மா, அந்த மூடி தானா விழாது" என்றாள் ஃபர்ஹானா. "அடியில ஒரு சின்ன நாக்கு மாதிரி இருக்கும், பாருங்க. அதைக் கட்டைவிரலால மேல பாத்து அமுக்கிப் பிடிச்சிக்கிட்டே இன்னொரு கையால மூடியை இழுத்தாத்தான் வரும். ரெண்டு கையும் வேணும். ஒத்தக் கையால யாராலயும் எடுக்க முடியாதும்மா, வேணும்னேதான் அப்படிச் செஞ்சிருக்காங்க. வீட்ல வேற யாராவது திறந்தாங்களா?" வேற யாரு பிள்ளே, நானும் இவரும்தான் என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. ரெண்டு கையும் வேணும். அந்தச் சொல் அறைக்குள் எங்கேயோ நின்றுகொண்டிருந்தது. எமரென்சியா தலையணையைப் பார்த்தாள். தலையணைமேல் கிடந்த வலது கையைப் பார்த்தாள். டப்பிக்கு நேர் கீழே.

அந்தக் கையை அவளுக்குத் தெரிந்த மாதிரி யாருக்கும் தெரியாது. தினமும் வெந்நீரில் துடைக்கிறாள், மடங்கிய விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி இடுக்கில் பவுடர் போடுகிறாள், நகம் வெட்டுகிறாள், பயிற்சிக்காரர் கொடுத்துவிட்டுப் போன ரப்பர் பந்தை உள்ளங்கையில் வைத்து அவள் கையால் மூடி அமுக்குகிறாள். முதலில் எல்லாம் துடைக்கும்போது அதனோடு பேசுவாள், கொஞ்சம் அசையேன், சாமி, ஒரு விரல் அசையேன் என்று. பிறகு பேசுவதை விட்டுவிட்டாள். பயிற்சிக்காரரும் வந்தா வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் போகப் போக அதைச் சொல்வதை விட்டுவிட்டார். கப்பலில் இன்ஜின் அறையில் வேலை பார்த்த கை. விடுப்பில் வந்தால் வீட்டில் ஒரு குழாயைச் சொட்ட விடாது, ஒரு மின்விசிறியைக் கிரீச்சிட விடாது. கீழே அங்கே ஒரு சுவர் முழுக்க விளக்கா இருக்கும் எமரி, ஒண்ணு சிவப்பாச்சுன்னா கை தன்னால அங்க போயிரும், யோசிக்கவே மாட்டோம் என்று ஒரு தடவை சொன்னார். எமரி என்று அவர் மட்டும்தான் கூப்பிடுவார், கூப்பிட்டார். இப்போது அவளுக்குக் காலை நினைவுக்கு வந்தது. இட்லி ஊட்டும்போது ஜன்னல் பக்கம் பார்த்து ஆமா, ஆமா என்று சொல்லிக்கொண்டே இருந்தார், இடது கையால் காட்டினார், அவள் ஆமாங்க காக்காதான் என்று சொல்லிவிட்டு வாயைத் துடைத்துவிட்டுப் போனாள். காக்கா இல்லை. பேட்டரி தீரும்போது அந்த டப்பியில் பொட்டு மாதிரி ஒரு சிவப்பு வெளிச்சம் விட்டுவிட்டு மின்னும் என்று பொருத்தியவர் சொன்னாரே. காலை முழுக்க அவர் கண்ணுக்கு நேரே அது மின்னிக்கொண்டிருந்திருக்கிறது. அவரும் சொல்லிச் சொல்லிப் பார்த்திருக்கிறார். எமரென்சியா அருகே போய்க் குனிந்தாள். பயமாக இருந்தது, திருடனுக்குப் பயந்ததைவிட இப்போதுதான் பயமாக இருந்தது, இல்லையென்று ஆகிவிட்டால் என்ன செய்வது, இத்தனை நாள் எதிர்பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டதெல்லாம் ஒரே நொடியில் வீணாகிவிடுமே. வலது கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தாள். விரல் நுனியில் சிறிதாக, சிவப்பாக, நீளவாக்கில் ஒரு தடம் அழுந்தியிருந்தது. டப்பியின் நாக்கு அளவுக்கு.

"அம்மா, இருக்கீங்களா?" "இருக்கேன் பிள்ளே." "காலையில வந்த ஃபால்ட்டும் அந்த நாலாம் நம்பர் பேட்டரிதாம்மா. முதல்ல குறையைச் சரி பண்ணிடலாம், அப்புறம்தான் ரீசெட் பண்ணணும். காரணம் அப்படியே இருக்கும்போது ரீசெட் அமுக்கினா நிக்காது, திரும்பத் திரும்ப வரும். மாத்து பேட்டரி இருக்கா?" இருந்தது. பொருத்தியவர் விட்டுப்போனதை பீரோவில் ஜெபமாலைக் கிண்ணத்தில் போட்டு வைத்திருந்தாள். கையை நன்றாகக் கழுவிவிட்டு வந்து எடுத்தாள். பழைய பேட்டரியை எப்படி நெம்புவது, கூட்டல் குறி எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று ஃபர்ஹானா சொல்லச் சொல்ல, எமரென்சியா பாடம் படிக்கிறவள் மாதிரி ஒவ்வொன்றையும் வாய்விட்டுத் திருப்பிச் சொல்லிச் செய்தாள். மூடியை வைத்து அமுக்கியதும் டக் என்று உட்கார்ந்தது. பெர்க்மான்ஸ் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றையும் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார், பேட்டரியை முதலில் தலைகீழாக வைக்கப் போனபோது ஆமா ஆமா என்று அவசரமாகச் சொன்னார், அது எந்த ஆமா என்று இந்தத் தடவை அவளுக்குப் புரிந்தது, திருப்பி வைத்தாள். பெட்டியிடம் போய் நம்பரை அமுக்கி, ஃபர்ஹானா சொன்ன பொத்தானை அழுத்திப் பிடித்தாள். நாலு என்ற எண் மறைந்தது. மஞ்சள் அணைந்தது. பச்சை வந்தது. "எனக்கும் இங்க கிளியர் ஆயிடுச்சும்மா, நாலாம் நம்பர் நல்லாருக்கு. நீங்களே பாத்துச் செஞ்சுட்டீங்க. வேற ஏதாவது உதவி வேணுமா?" எமரென்சியா பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இந்தப் பெண்ணுக்கு எப்படி நன்றி சொல்வது? முகம் தெரியாது, எந்தத் தெருவோ, எந்த வீட்டுப் பிள்ளையோ, காலையில் என்ன சாப்பிட்டதோ. "உங்க அம்மா நல்லா இருக்கணும் பிள்ளே" என்றாள்.  "தேங்க்ஸ்ம்மா" என்றது எதிர்ப்பக்கக் குரல், வேலைக்காகப் பேசுகிற குரல் இல்லை அது. "நீ இன்னும் கொஞ்சம் லைன்ல இரேன். வச்சிராத" என்றாள் எமரென்சியா.

போனை ஜன்னல் திட்டில் வைத்தாள். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். ஏங்க என்றாள். மேற்கொண்டு என்ன கேட்பது என்று தெரியவில்லை. நீங்களா திறந்தீங்க என்று கேட்டால் ஆமா என்பார். இல்லையா என்று கேட்டாலும் ஆமா என்பார். கேள்வியால் இதைத் தொட முடியாது. தலையணையை இன்னும் கொஞ்சம் ஜன்னல் பக்கம் தள்ளி, வலது கையைத் தூக்கி டப்பிக்குக் கீழே வைத்தாள், எப்போதும் போல அது கனமாக, குளிர்ந்து, தன்னுடையது இல்லாத மாதிரி அவள் கைக்குள் கிடந்து அங்கே போய்ப் படுத்துக்கொண்டது. டப்பியைக் காட்டினாள். "இன்னொரு தடவை" என்றாள். அவர் அவளைப் பார்த்தார். மூடியிருந்த டப்பியைப் பார்த்தார். இப்போதுதான் ரிப்பேர் செய்து மூடியதை எதற்குத் திறக்கச் சொல்கிறாய் என்று அந்தக் கண்ணில் ஒரு எரிச்சல், பழைய எரிச்சல், எவ்வளவு நாளாயிற்று அதைப் பார்த்து. பிறகு இடது கை எழுந்து மூடியைப் பிடித்தது. வலது கை கிடந்தது. கிடந்தது. ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம், ஆட்டின் சத்தம், சமையலறைக் குழாயை நிறுத்தாமல் வந்துவிட்டாள் போல, தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது, ஓடட்டும். கட்டைவிரல் அசைந்தது. அசைந்ததா, மூச்சுக்குத் தலையணை ஆடியதா என்று அவள் நினைப்பதற்குள் மறுபடி அசைந்தது. புழு நெளிகிற மாதிரி, பிறந்த குழந்தையின் விரல் மாதிரி, எங்கே போகிறோம் என்று அதற்கே தெரியாத மாதிரி மேலே ஏறியது, டப்பியின் அடியில் தடவியது, நாக்கைத் தவறவிட்டு வழுக்கியது. அவர் நெற்றியில் நரம்பு புடைத்தது. கையைப் பிடித்து உதவி செய்துவிட அவள் கை துடித்தது, இரண்டு கையையும் மடிக்குள் இறுக்கிக்கொண்டாள். விரல் மறுபடி தடவியது. நாக்கைக் கண்டுகொண்டது. அமுக்கியது. டக்.

வீடு மறுபடி அலறியது. தெரு நாய் எல்லாம் சேர்ந்துகொண்டது, எதிர்வீட்டுக் கதவு திறந்தது, யாரோ எமரென்சியாக்கா என்னாச்சு என்று கத்தினார்கள். திட்டில் இருந்த போனிலிருந்து ஃபர்ஹானாவின் குரல் பதறிக்கொண்டு வந்தது. "அம்மா! அம்மா, மறுபடியும் நாலாம் நம்பர் டேம்பர் காட்டுது! யாரோ தொடுறாங்கம்மா! உடனே நம்பரை அமுக்குங்க!"

எமரென்சியா எழுந்திருக்கவில்லை. அவர் கட்டைவிரலைத் தன் இரண்டு கைக்குள்ளும் பிடித்துக்கொண்டிருந்தாள். போனைப் பார்த்து, சத்தத்துக்கு மேலே கேட்கும்படி, "ஆமா பிள்ளே, தொட்டுட்டாரு" என்றாள். "எங்க வீட்டுக்காரருதான். கொஞ்சம் அடிக்கட்டும். கொஞ்ச நேரம் நல்லா அடிக்கட்டும்."